கப்பல் மாப்பிள்ளையின் சகலை

சேலத்திலிருந்து எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் கடலைக் கண்ணால் பார்க்க நாலைந்து மணி நேரம் ஆகும். அப்படிப்பட்ட ஊரில், ஒரு வீட்டின் இரண்டு மருமகன்களில் இளையவனுக்குக் 'கப்பல் மாப்பிள்ளை' என்று பெயர் விழுந்தால் மூத்தவருக்கு வயிறு எரியுமா, எரியாதா? தமீமுக்கு எரிந்தது. மருந்துக் கடையில் ரோஸ் கலர் மருந்து வாங்கிக் குடிக்கிற அளவுக்கு எரிந்தது.

தமீம் செவ்வாய்ப்பேட்டையில் வேஸ்ட் வியாபாரி. வேஸ்ட் என்றால் குப்பை இல்லை. பனியன் கம்பெனிகளில் வெட்டி விழுகிற வெள்ளைத் துணித்துண்டு, நூல் கத்தை. அதை மூட்டை மூட்டையாக வாங்கி, தரம் பிரித்து, நாமக்கல் லாரிப் பட்டறைகளுக்கும் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் ஷெட்டுகளுக்கும் இன்ஜின் துடைக்க, கை துடைக்க அனுப்புவார். கிரீஸ் பட்ட கை எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் இருபத்திரண்டு வருஷமாகத் தமீமின் வேஸ்ட் இருந்தது. அதற்கென்று ஒரு மரியாதையும் இருந்தது. மாமியார் ரோஷன் பீவி வீட்டில் பிரியாணிச் சட்டியின் மூடியைத் தூக்கினால் முதல் நெஞ்சுக்கறி மூத்த மாப்பிள்ளை தட்டில்தான் விழும்.

பிறகு தௌசீப் வந்தான். தமீமின் மனைவி ஹஃப்சாவுக்குத் தங்கை இர்பானா. இர்பானாவுக்கு மாப்பிள்ளை தௌசீப். ஸ்பின்னிங் மில் தரையில் கூட்டிய பழுப்புப் பஞ்சை வாங்கி மெத்தைக்காரர்களுக்கு விற்றுக்கொண்டிருந்த பையன். அவன் சரக்கைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் தமீம் கையைத் தட்டிக்கொள்வார், அவ்வளவுதான் அதற்கு மதிப்பு. அந்தப் பையன் அதே பழுப்புப் பஞ்சை வலைக்குழாயில் அடைத்து, வடக்கே ஒரு துறைமுகத்துக்கு விற்கிறான் என்று போன வருஷம் சேதி வந்தது.

சேதியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ரோஷன் பீவி வீட்டு விருந்தில் துணி துவைக்கிற டப்பைக் கூடத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்து, தண்ணீர் ஊற்றி, அதன் மேல் அரை டம்ளர் பழைய இன்ஜின் ஆயிலையும் ஊற்றினான்.

"கப்பல்லேர்ந்து எண்ணெய் கொட்டுச்சுன்னா இப்படித்தான் மாமி, மேலாக்க விரிஞ்சுக்கிட்டே போகும். அது ஓடறதுக்குள்ள இந்த உருளைங்களக் கோத்து வேலி மாதிரி போட்டுடணும். பூம்னு சொல்லுவாங்க. இது எண்ணெய மட்டும் குடிக்கும், தண்ணியத் தொடாது."

உருளையை டப்பில் விட்டான். மிதந்தது. பார்க்கப் பார்க்கக் கறுத்தது. கொஞ்ச நேரத்தில் டப்புத் தண்ணீரில் முகம் தெரிந்தது.

"மாஷா அல்லாஹ்!" என்றார் ரோஷன் பீவி.

"தலகாணிக்கு ஒரு இங்கிலீஷ் பேரு வெச்சுட்டான்" என்றார் தமீம். யாரும் சிரிக்கவில்லை.

"வருஷத்துக்கு ரெண்டு தரம் ஒத்திகை நடத்துவாங்கக்கா" என்று இர்பானா அக்காவிடம் சொன்னாள். "நெசமாவே எண்ணெய் கொட்டின மாதிரி சைரன் ஊதி, படகெல்லாம் விட்டு. இவரும் ஆரஞ்சு கோட்டு மாட்டிக்கிட்டுப் போவாரு."

அன்றைக்கு நெஞ்சுக்கறி கப்பல் மாப்பிள்ளையின் தட்டுக்குப் போனது. தமீமுக்குக் கழுத்துத் துண்டு வந்தது. வீடு திரும்புகையில் ஸ்கூட்டரின் பின்னாலிருந்து ஹஃப்சா மெதுவாகக் கேட்டாள்: "நீங்களும் புதுசா ஏதாச்சும் பண்ணலாமில்லீங்க?" தமீம் ஒரு வேகத்தடையை மட்டும் கொஞ்சம் வேகமாகத் தாண்டினார்.

இது நடந்து மூன்று மாதம் இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை தமீம் குடோனைத் திறந்து பழனியம்மாளையும் ராசம்மாளையும் வேலைக்கு உட்காரவைத்த நேரம், தௌசீப் கார்க் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடி வந்தான். கண் சிவந்திருந்தது.

"அண்ணே, கொட்டிருச்சு."

"என்னது?"

"எண்ணெய். நேத்துக் கப்பலுக்கும் கரைக்கும் நடுவுல குழாய் பிடுங்கிக்கிச்சு. அடைக்கறதுக்குள்ள ஏகப்பட்டது போயிருச்சு. இருப்புல இருந்த உருளையெல்லாம் எறக்கிட்டாங்க, பத்தல. நாளைக்கு ராத்திரி கடல் ஏற்றம் வந்தா எண்ணெய் நேரா கழிமுகத்துக்குள்ள ஏறிடும். அங்கதாண்ணே சனங்க எறா புடிக்கிறது."

போனை நீட்டினான். ஒரு பெண் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, கையால் தடவி இறால் தேடிக்கொண்டிருந்தாள். கையை வெளியே எடுத்தபோது முழங்கைவரை கறுப்பு. புடவைத் தலைப்பில் துடைத்தாள். போகவில்லை. திரும்பத் துடைத்தாள்.

தமீம் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய்க் கையைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நூத்தி இருவது உருளை வேணும். என்கிட்ட தைக்கறதுக்கு ரெண்டே பேருதான். உங்க குடோனும் உங்க ஆளுங்களும் இருந்தா இன்னிக்குள்ள முடிச்சிரலாம். பழுப்புப் பஞ்சு, வலை, டேக் எல்லாம் இப்ப வண்டில வருது. நான் முன்னாடி துறைமுகத்துக்குப் போயிடறேன். நாளைக்கு விடிஞ்சதும் லாரிய மட்டும் ஏத்தி விட்டுடுங்க."

தமீம் தாடியைத் தடவினார். வந்து நிற்கிறான், இந்தக் குடோன் வாசலில், 'அண்ணே அண்ணே' என்று. அது இனித்தது.

"பழுப்பு எதுக்குப்பா? எங்கிட்ட முதல் ரகம் வெள்ளை கெடக்குது. அதையும் சேத்துக்கலாம்."

"வெள்ளை வேண்டாம்ணே."

"ஏன்?"

தௌசீப் தரையைப் பார்த்தான். "வேண்டாம்ணே. பழுப்பே போதும்." அதற்கு மேல் சொல்லாமல் காரில் ஏறிப் போய்விட்டான்.

இதைத்தான் தமீமால் விழுங்க முடியவில்லை. அவர் ஆள் வேண்டும், இடம் வேண்டும், சரக்கு மட்டும் வேண்டாம். துறைமுகத்துக்காரன் வெள்ளையைப் பார்த்துவிட்டால் பழுப்பை எவன் வாங்குவான்? அந்தப் பயம்தான் பயலுக்கு. செவ்வாய்ப்பேட்டையில் பிறந்த எவனும் ஒரு பிடி பஞ்சைக் கையில் எடுத்தால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பான். வெள்ளையாக இருந்தால் முதல் ரகம், மங்கினால் இரண்டாவது, பழுத்தால் மூன்றாவது. குழந்தைக்குக்கூடத் தெரியும். பட்டறையில் வெள்ளை வேஸ்ட் ஒரே இழுப்பில் கையைச் சுத்தமாக்கிவிடும். பழுப்பு பாதிதான் எடுக்கும். குடிக்கிறதில் வெள்ளையை அடிக்க ஆள் கிடையாது.

"பழனியம்மா, நூத்தி இருவதுல நாப்பது உருளைக்கு நம்ம வெள்ளையப் போடு."

பழனியம்மாள் கோணி ஊசியை நிறுத்தினாள். எடப்பாடிப் பக்கத்து மனுஷி. பதினைந்து வருஷமாக இந்தக் குடோனில் தமீமை எதிர்த்துப் பேசச் சம்பளம் வாங்குகிறவள் என்றே சொல்லலாம். "சின்ன பாய் வேண்டாம்னுட்டுத்தானுங்க போனாரு?"

"குடோன் யாருது?"

"உங்களுதுதானுங்க."

"அப்புறம்?"

சாயங்காலம் உருளைகளை மூட்டை கட்டும்போது பேட்டை வழக்கப்படி செய்தார். எந்த மூட்டையானாலும் வாய்ப்பக்கம் நல்ல சரக்கு இருக்க வேண்டும். பிரிக்கிறவன் கண்ணில் முதலில் அதுதான் பட வேண்டும். ஒவ்வொரு மூட்டையின் வாயிலும் வெள்ளை உருளைகள். எல்லாவற்றிலும் தௌசீப் கம்பெனி டேக். போகட்டும். நாளைக்கு 'அந்த வெள்ளை எங்கே கிடைத்தது' என்று அதிகாரிகள் கேட்பார்கள். அப்போது அவன் வாயாலேயே தமீம் பெயர் வரும்.

புதன்கிழமை எட்டு மணிக்கு லாரி கிளம்பியது. டிரைவர் செங்கோடன் திருச்செங்கோட்டுக்காரர், தமீமின் சரக்கைப் பல வருஷமாக ஓட்டுகிறவர். கிளம்புகிறபோது தலையை வெளியே நீட்டி, "ஏனுங்க பாய், லோடு ஏத்தியிருக்கீங்களா, காத்த அடைச்சு உட்டிருக்கீங்களா? வண்டி அமுங்கவே மாட்டீங்குதுங்க" என்றார்.

லாரி போனதும் தமீமுக்கு ஒரு யோசனை வந்தது. பொறாமைக்காரனுக்கு யோசனை தானாக வரும், அழைக்க வேண்டியதில்லை. தௌசீப்பின் டப்பு வித்தையைப் போலத் தானும் ஒரு வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டால் என்ன? டப்பு எதற்கு? குடோன் பின்னால் ஆள் நீள சிமெண்டுத் தொட்டியே இருக்கிறதே. இன்ஜினில் ஓடிக் கறுத்த கரி ஆயிலில் ஒரு லிட்டரைத் தொட்டித் தண்ணீரில் ஊற்றினார். கணக்குக்கு மேல் தைத்து மிச்சமிருந்த ஒரு வெள்ளை உருளையைத் தோளில் போட்டுக்கொண்டார். பழனியம்மாள் கையில் போன்.

"எடுக்கறியா?"

"எடுக்கறனுங்க."

தமீம் தொண்டையைக் கனைத்தார். "அஸ்ஸலாமு அலைக்கும். இது முதல் ரக வெள்ளை. இது எப்படி எண்ணெயக் குடிக்குதுன்னு எல்லாரும் பாருங்க." உருளையைத் தொட்டியில் விட்டார்.

உருளை ஒரு மூச்சு மிதந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குமிழி விட்டது. பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் உள்ளே போய்விட்டது. கரி ஆயில் மட்டும் மேலே பளபளவென்று விரிந்து கிடந்தது.

தமீம் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாய்," என்றாள் பழனியம்மாள், "இன்னும் எடுத்துட்டுத்தான் இருக்கனுங்க. எப்ப மேல வரும்?"

"நிறுத்து!"

அதே போல மிஞ்சிக் கிடந்த ஒரு பழுப்பு உருளையைக் கொண்டுவந்து போட்டார். அது மிதந்தது. சாவகாசமாகக் கறுத்தது. பஞ்சுக்குச் செடியிலிருந்தே ஒரு மெழுகு உண்டு. அதுதான் தண்ணீரை அண்டவிடாது. வெளுக்கிறவன் அந்த மெழுகையெல்லாம் கழுவி எடுத்துவிடுகிறான். அதனால்தான் வெள்ளை அப்படிக் குடிக்கிறது, எதைக் கொடுத்தாலும் குடிக்கிறது. கடலில் முதலில் கிடைப்பது தண்ணீர். பட்டறையில் கையைத் துடைத்த சரக்குக்கு யாரும் நீச்சல் கற்றுத்தரவில்லை.

"போச்சுங்களா?" என்றாள் பழனியம்மாள்.

தமீம் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்தார். நாற்பது உருளை, ஒவ்வொரு மூட்டையின் வாயிலும். கடலில் முதலில் இறங்கப்போவதே அவைதான். கணக்காக முழுகும். துறைமுகமே பார்த்துக்கொண்டிருக்கும். டேக்கைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

டேக்கில் யார் பெயர்?

அந்த நினைப்பு வந்ததும் தமீமின் முதுகு தானாக நிமிர்ந்தது. அவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். சாயங்காலத்துக்குள் கப்பல் மாப்பிள்ளை கரை தட்டிவிடுவான். 'வெள்ளையா? எனக்கென்ன தெரியும், பொம்பளைங்க கலந்திருப்பாங்க' என்று ஒரு வார்த்தை. நெஞ்சுக்கறி தன்னால் பழைய தட்டுக்குத் திரும்பும்.

அந்த விருந்தைக் கண்ணை மூடிப் பார்த்தார். ரோஷன் பீவி சட்டியைத் திறக்கிறார். தௌசீப் ஒரு மூலையில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறான். இர்பானா கண்ணைத் துடைக்கிறாள். ஹஃப்சா, 'பாவங்க, புள்ள ரெண்டு நாளா சோறே திங்கலையாம்' என்கிறாள். ரோஷன் பீவியின் கரண்டி மேலே எழுகிறது, தமீம் தட்டைத் தாண்டுகிறது. 'நீ சாப்புடு மாப்ள, மனச விட்ராத.' ஒன்றில்லை, இரண்டு நெஞ்சுக்கறி.

தமீம் கண்ணைத் திறந்தார். ஜெயித்தால் ஒரு துண்டு, தோற்றால் இரண்டு துண்டு. இவனை என்னதான் செய்வது?

அந்த நேரம் பார்த்துத்தான் தன் கை கண்ணில் பட்டது. உருளையை விடும்போது தொட்டி ஓரத்திலிருந்த கரி ஆயில் முழங்கைவரை அப்பியிருந்தது. பழக்க தோஷத்தில் வேட்டியில் துடைத்தார். போகவில்லை. அந்தப் பெண்ணும் இரண்டு தரம் துடைத்தாள்.

எழுந்தார். பொறாமை எழுப்பியதா, அந்தக் கை எழுப்பியதா என்று அவரைக் கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. செங்கோடனைக் கூப்பிட்டார்.

"எங்கப்பா இருக்க?"

"ஆத்தூர் பைபாஸ் தாண்டிட்டனுங்க பாய்."

"தலைவாசல்ல ஓரங்கட்டு. நான் வர்ற வரைக்கும் நகராத."

"ஏனுங்க, அவசரம்னீங்க? சின்ன பாய் மூணு தடவ போன் பண்ணிட்டாருங்க."

"நகராதன்னா நகராத!"

குட்டியானை வண்டியில் மிச்சப் பழுப்புப் பஞ்சையும், பழனியம்மாள், ராசம்மாள், இன்னும் இரண்டு பெண்களையும் ஏற்றிக்கொண்டு தமீம் பறந்தார். தலைவாசல் காய்கறி மண்டிக்குப் பக்கத்தில், தக்காளிக் கூடைகளுக்கு நடுவே, தார்ப்பாயை விரித்து மூட்டைகளைப் பிரித்தார்கள். ஒரு முனையின் தையலை அறுத்து, வெள்ளையைப் பிடுங்கி, பழுப்பைத் திணித்து, திரும்பத் தைக்க வேண்டும். தமீமும் ஒரு கோணி ஊசியை எடுத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஊசி பிடிப்பது இதுதான் முதல் தடவை.

"பாய், அது உருளைங்க, உங்க வெரலு இல்லீங்க" என்றாள் பழனியம்மாள். "குத்திக்காம தைங்க."

மண்டிக்காரர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். "யாருக்குங்க இம்மாம் பெரிய தலகாணி?" என்று ஒருவர் கேட்டார். தமீமுக்கு எங்கேயோ கேட்ட பேச்சு மாதிரி இருந்தது. ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பன்னிரண்டரைக்கு நாற்பதாவது உருளையும் முடிந்தது. தமீம் முதுகை நீட்டினார். ராசம்மாள் மட்டும் எழுந்திருக்காமல் புடவை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"மொதலாளி, ஒண்ணு சொன்னா திட்டுவீங்களா?"

"சொல்லாம இருந்தாத்தான் திட்டுவேன்."

"நேத்து வெள்ளையில துண்டு துணுக்கு மிஞ்சிப்போச்சுங்க. வீணாப் போகுதேன்னுட்டு அஞ்சாறு உருளையில நடுவால திணிச்சுட்டேன். மேல பழுப்புங்க."

"எந்த அஞ்சாறு?"

"அது எப்படிங்க தெரியும்? மேல பழுப்பாச்சே."

தமீம் மிச்சமிருந்த எண்பது உருளைகளைப் பார்த்தார். எல்லாம் ஒரே பழுப்பு. அத்தனையையும் பிரித்துத் தைத்தால் ஏற்றம் வந்து போய்விடும். பிரிக்காமல் அனுப்பினால் வேலியில் ஐந்தாறு இடத்தில் ஓட்டை.

போன் அடித்தது. தௌசீப்.

செங்கோடன் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தார்: "பஞ்சருன்னு சொல்லிப்போடுங்க பாய். நானும் ஆமான்னுடறேன்."

நல்ல யோசனைதான். ஆனால் பஞ்சர் என்றால் அந்த ஐந்தாறையும் சேர்த்துத்தான் கடலில் போடுவான். தமீம் லாரியின் மறுபக்கம், யார் காதிலும் விழாத இடத்துக்கு நடந்தார்.

"அண்ணே, லாரி எங்க? இங்க படகெல்லாம் ரெடியா நிக்குது."

"தலைவாசல்ல நிக்குது. நானும் இங்கதான் இருக்கேன்." லாரியின் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டார். "தௌசீப்பு, நான் வெள்ளையப் போட்டுட்டேன். நீ வேண்டாம்னதுக்கு அப்புறமும். நாப்பதப் பிரிச்சு மாத்திட்டோம். ஆனா அஞ்சாறுல நடுவுல வெள்ளை இருக்குது, எதுன்னு தெரியல. தப்பு என்னுது. பொம்பளைங்களுது இல்ல."

அந்தப் பக்கம் கடல் சத்தமும் யாரோ கத்துகிற சத்தமும் மட்டும் கேட்டது. திட்டப்போகிறான். திட்டட்டும். தமீம் கண்ணை மூடிக்கொண்டார்.

"நடுவுல வெள்ளை இருந்தா கையால அமுக்கிப் பாத்தா தெரியும்ணே," என்றான் தௌசீப். "பனியன் துணி கெட்டியா, உருண்டையாத் தட்டுப்படும். பழுப்பு மெத்துனு போகும். நூத்தி இருவதையும் இங்கயே அமுக்கிப் பாத்துக்கறேன். அனுப்பிடுங்க."

தமீம் கண்ணைத் திறந்தார். "அது உனக்கெப்படித் தெரியும்?"

தௌசீப் குரலைத் தாழ்த்தினான்.

"மொத ஒத்திகைக்கு நான் முழுக்க வெள்ளையத்தாண்ணே போட்டேன். பாக்க பகட்டா இருக்கட்டும்னு. முப்பது உருளை. பெரிய அதிகாரி, போட்டோக்காரரு எல்லாம் நிக்கறாங்க. சைரன் ஊதி, படகு போயி, வரிசையா எறக்கினாங்க. முப்பதும் அப்படியே உள்ள போயிருச்சு. முக்குளிக்கற ஆள விட்டுத்தான் எடுத்தாங்க. அவங்க கால்ல விழாத கொறையா ரெண்டாவது வாய்ப்பு வாங்கினேன். இர்பானாவுக்குக்கூடத் தெரியாது."

"அடப்பாவி! அத நேத்தே சொல்லித்தொலைக்கறதுக்கு என்ன?"

"உங்ககிட்டயாண்ணே?" தௌசீப்பின் குரலில் ஒரு சிரிப்பு அழுகையோடு கலந்து வந்தது. "உங்ககிட்டச் சொல்றதவிட அந்த முப்பதோட நானும் உள்ள போயிருப்பேன்."

போனை வைத்த பிறகும் தமீம் அங்கேயே நின்றார். முதலில் உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி ஓடியது. ஒரு வருஷமாக எந்த மருந்தும் தராத குளிர்ச்சி. முப்பதும் முழுகிப்போச்சாமே! அப்புறம் மெல்ல வேறொன்று ஏறியது. அவனுக்கு முப்பது உருளை, சைரன், படகு, போட்டோக்காரர், முக்குளிக்க ஒரு ஆள். தனக்கு ஒரே ஒரு உருளை, குடோன் தொட்டியில், பழனியம்மாள் முன்னால். முழுகுவதில்கூடப் பயல் பெரிய இடத்தில் முழுகியிருக்கிறான்.

மூட்டைகளைத் திரும்பக் கட்டி ஏற்றினார்கள். செங்கோடன் இன்ஜினைக் கிளப்பினார். "இருட்டறதுக்குள்ள கொண்டு சேத்துப்போடறனுங்க பாய்" என்று சொல்லிவிட்டு லாரியை நெடுஞ்சாலையில் ஏற்றினார். பிடுங்கிப்போட்ட வெள்ளை வேஸ்ட் தார்ப்பாயில் குவிந்து கிடந்தது. பெண்கள் அதைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தபோது ஹஃப்சா கூப்பிட்டாள்.

"என்னங்க, லாரி இன்னும் போய்ச் சேரலையாமே? இர்பானா பதறிக்கிட்டுக் கெடக்கறா."

தமீமின் நாக்கு நுனியில் அந்தக் கதை வந்து நின்றது. சைரனும் படகும் முப்பது உருளையுமாக, முழுசாக, முதல் ரகமாக. ஒரு வார்த்தை எடுத்துவிட்டால் போதும், இன்றைக்கே ரோஷன் பீவி காதுக்குப் போய்விடும். ஆனால் 'உங்களுக்கு யாருங்க சொன்னது, எப்பச் சொன்னாரு, ஏன் சொன்னாரு' என்று ஹஃப்சா மூன்றே கேள்வி கேட்பாள். மூன்றாவதுக்குள் தலைவாசல் மண்டியும் கோணி ஊசியும் வெளியே வந்துவிடும். இவ்வளவு நல்ல சரக்கு இதுவரை அவர் கைக்கு வந்ததில்லை. விற்க வழியில்லை.

"பஞ்சரு," என்றார். "இப்பக் கிளம்பிருச்சு."

"பாவங்க தௌசீப்பு. அங்க ஒத்தையா நின்னு என்ன பாடு படறாரோ."

தமீம் ஊசி குத்திய விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

"பாவந்தான்" என்றார்.